ஒற்றைவாடையின் சுவர்ப்படம்

செம்பாக்கத்தில், தாம்பரம் - வேளச்சேரி சாலையோரம், புதிதாகத் திறந்த காப்பிக் கடை ஒன்றின் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மூன்றடிக்கு இரண்டடி இருக்கும். கறுப்புச் சட்டம். வேண்டுமென்றே பழுப்பேற்றிய புகைப்படம். முன்னால் ஒரு ஜட்கா வண்டி, பின்னால் வளைவுகளும் கோபுரமுமாக ஒரு பெரிய கட்டிடம். கீழே அலங்கார ஆங்கில எழுத்தில் 'மெட்ராஸின் பழைய இசை மண்டபம்' என்ற பொருளில் ஒரு வரி. கல்லாவில் இருந்த இளைஞரிடம் இது எந்த இடம் என்று கேட்டேன். "இதெல்லாம் இப்ப இல்ல சார், எப்பவோ இடிச்சிட்டாங்க. அதனாலதான் மாட்டி வச்சிருக்கோம்" என்றார்.

படத்தில் இருந்தது விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேற்கே, ரிப்பன் கட்டிடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இடிக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். "அப்படியா சார்" என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கிழித்தார். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. படத்தை வாங்கியவர் அவரல்ல; ஒப்பந்தக்காரர் கேன்வாஸ் பிரின்ட்டுகளை மொத்தமாக அடித்து, எந்தச் சுவருக்கு எத்தனை என்று கணக்குப் பண்ணி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது. நிற்கிற ஒரு மண்டபத்தை 'இழந்துவிட்டோம்' என்று சொல்லிச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். நிஜமாகவே இழந்த மண்டபம் எது? அதன் படம் எந்தச் சுவரில் இருக்கிறது?

விக்டோரியா ஹாலிலிருந்து சென்ட்ரலைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வால்டாக்ஸ் ரோடு. பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்கும் ஹைதர் அலியின் படைகளுக்கும் பயந்து, கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. அந்தச் செலவை ஊர் மக்கள் தலையில் கட்டுவதற்காக நினைத்ததுதான் 'வால் டாக்ஸ்', சுவர் வரி. மக்கள் கொடுக்க மறுத்தார்கள், வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் தெருவுக்குத் தங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வேறு: ஒற்றைவாடை. வாடை என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஒரு பக்கம் வீடு, எதிர்ப் பக்கம் மதில், ஆகவே ஒற்றைவாடை. அந்தத் தெருவில் இருந்த நாடகக் கொட்டகைதான் ஒற்றைவாடை தியேட்டர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் புறப்பட்ட நாடகக் கம்பெனிகளுக்கு 'மெட்ராஸ் வந்துவிட்டோம்' என்பதன் அடையாளம் அதுதான். அந்தக் கால நாடகக்காரர்களின் நினைவுக் குறிப்புகளை எடுத்தால் இந்தப் பெயர் தலைகாட்டும். கொட்டகை இன்று இல்லை. அலங்காரச் சட்டத்துக்குள் அதை யாரும் மாட்டி நான் கண்டதில்லை.

'நாடகக் கொட்டகையை எப்படி இசை மண்டபம் என்கிறீர்கள்' என்று கேட்கலாம். கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குள்தான் விஷயமே இருக்கிறது.

கம்பெனிகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி 'தேவி பால விநோத சங்கீத சபா'. சபா என்ற சொல் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் மட்டும் சொந்தமாவதற்கு முன்னால் அது பாட்டும் பேச்சும் வேஷமும் சேர்ந்த ஒன்றுக்குத்தான் பெயர். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் என்பது பெரும்பகுதி பாட்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் மேடைக்கு வருமுன் உள்ளே இருந்தே பாடிக்கொண்டு வரவேண்டும், ஒலிபெருக்கி கிடையாது, தரை டிக்கெட்டின் கடைசி ஆளுக்குக் கேட்கவேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சஸ்தாயியில் நின்றது அழகுக்காக மட்டுமல்ல, தொழிலுக்காகவும். மேடையோரம் ஆர்மோனியம். காதர் பாட்சா, தேவுடு ஐயர் என்று ஆர்மோனியக்காரர்களுக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருந்தது. அந்த ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி தன் நிலையத்துக்குள் விடமாட்டேன் என்றது. தடை தளர முப்பது வருஷம் ஆயிற்று. சுருதி சுத்தம், கமகம் என்று காரணம் சொன்னார்கள். சாஸ்திரப்படி அந்தக் காரணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெட்டி எந்த மேடையிலிருந்து வந்தது, அதைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி இசை மாநாடு நடந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கியது. அப்போதும் கச்சேரி நடந்த இடங்கள் பல ஜார்ஜ் டவுனில்தான் இருந்தன: அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் எழுப்பிய கோகலே ஹால், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சௌந்தர்ய மகால். பிறகு சபாக்கள் தெற்கே நகர்ந்தன. 'சங்கீதம்' தெற்கே போயிற்று. வேஷம் கட்டிப் பாடியவர்கள் 'கூத்தாடி'களாக வடக்கிலேயே தங்கினார்கள், அல்லது சினிமாவுக்குப் போனார்கள். இடம் பிரிந்தபோது சொல்லும் பிரிந்தது. இசை மண்டபம் என்றால் இன்று நம் மனதில் வரும் சித்திரம் அந்தப் பிரிவினைக்குப் பிந்தையது.

விக்டோரியா ஹாலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ராணியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் சூட்டப்பட்டு, சிஷோமின் வரைபடத்தில், நம்பெருமாள் செட்டியார் கட்டி 1890 வாக்கில் முடிந்த மண்டபம் அது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபையின் மேடை. முதலியார் தன் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: தமிழ் நாடகம் என்றால் அவருக்கு வெறுப்பு, பெல்லாரியிலிருந்து வந்த சரச விநோதினி சபையார், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும், வேஷம் கட்டி நடித்ததைப் பார்த்த பிறகுதான் ஆசை பிறந்தது. அதாவது அவரைக் கவர்ந்ததில் நடிப்புக்கு எவ்வளவு பங்கோ, நடித்தவர்களின் அந்தஸ்துக்கும் அவ்வளவு பங்கு. முதலியாரின் உழைப்பைக் குறைத்துப் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை. ஒழுங்கான நேரம், ஒழுங்கான ஒத்திகை, மூன்று மணி நேரத்தில் முடிகிற நாடகம் எல்லாம் அவர் வழியாக வந்தவை. ஆனால் வக்கீலும் நீதிபதியும் நடித்தால் கலை, கம்பெனிப் பையன் நடித்தால் கூத்து என்ற ஒரு கோடும் அந்த மண்டபத்தில்தான் இழுக்கப்பட்டது. காப்பிக் கடைச் சுவருக்கு எந்த மண்டபம் வரும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழுக்க மிகையல்ல.

இன்னொரு எளிய காரணமும் உண்டு. விக்டோரியா ஹாலுக்கு ஒரு முகம் இருந்தது. வெள்ளைக்காரப் புகைப்படக் கம்பெனிகள் அஞ்சல் அட்டை போட ஏற்ற முகம். கொட்டகைக்கு முகம் கிடையாது. தகரம், மூங்கில், கீற்று, உள்ளே மணல் தரை, பெஞ்சு, சில நாற்காலி. கொட்டகையின் அழகு முழுக்க உள்ளே, மேடையில், படுதாவில் இருந்தது.

படுதாவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பார்சி நாடகக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து தெற்கே வந்தபோது கொண்டுவந்தவை இரண்டு: ஆர்மோனியம் ஒன்று, வர்ணம் தீட்டிய திரைச்சீலை மற்றொன்று. அதுவரை தெருக்கூத்துக்குப் பின்னணி என்பது இருட்டுதான். வட்டமாகச் சனம், நடுவில் ஆட்டக்காரர். இனி சனம் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். இதுவும் ஒரு ஒற்றைவாடை. எதிரே சட்டம் போட்ட படம் மாதிரி மேடை. தர்பார் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா, நந்தவனப் படுதா. நாலைந்து படுதாவை வைத்துக்கொண்டு கம்பெனிகள் உலகத்தையே சுருட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு போயின. கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தைச் சனங்கள் பார்க்கப் போனது பாட்டுக்காக எவ்வளவோ அவ்வளவு காட்சி ஜோடனைக்காகவும்தான். ஆகவே ஒவ்வொரு கம்பெனிக்கும் படுதா எழுதுகிற ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். நோட்டீஸில் நடிகர் பெயருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

அவர்களில் ஒருவர் சி. கொண்டையராஜு. 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதும் வேலை. 1940களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்தார், கம்பெனி கலைந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1944இல் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் என்று ஒரு சீடர் வரிசையே அந்த ஊரில் உருவாயிற்று. கூப்பிடு தூரத்தில் சிவகாசி. தீப்பெட்டி லேபிளுக்காக ஆரம்பித்த லித்தோ அச்சகங்கள் அங்கே வளர்ந்து, காலண்டர் அடிக்கத் தயாராக இருந்தன. மளிகைக் கடைகளும் ஜவுளிக் கடைகளும் பீடிக் கம்பெனிகளும் வருஷா வருஷம் தம் பேர் போட்டுக் கொடுக்கச் சாமி படம் கேட்டன. கோவில்பட்டியில் எழுதி, சிவகாசியில் அடித்து, தமிழ்நாட்டின் ஓட்டு வீடு, குடிசை, கடை, லாரி எல்லாவற்றிலும் ஏறியது அந்தப் படம்.

இப்போது அந்தக் காலண்டர் படம் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நம் வீடுகளில் இருந்ததுதான். முருகனோ லட்சுமியோ நேராக நம்மைப் பார்த்து நிற்பார்கள். இரு பக்கமும் தூண். மேலே குஞ்சம் தொங்கும் பட்டுத் திரை பாதி விலகியிருக்கும். காலடியில் சதுரம் சதுரமாகத் தளம், தூரத்தில் போய்க் குறுகும். பின்னால் ஏரி, மலை, ஒரு நிலா. எந்த ஆகமத்தில் இது இருக்கிறது? கோயில் கர்ப்பகிருகத்தில் இருட்டும் எண்ணெயும் உண்டு. பட்டுத் திரையும் ஏரிக்கரையும் கிடையாது. இது மேடை. தர்பார் படுதாவும் நந்தவனப் படுதாவும். சாமியின் கிரீடமும் புஜகீர்த்தியும் சம்கி வைத்துத் தைத்த ராஜபார்ட் உடுப்பு. முகத்தில் விழும் வெளிச்சம்கூட மேடை விளிம்பு விளக்கின் வெளிச்சம். ரவிவர்மாவின் 1894ஆம் வருஷத்து பம்பாய் அச்சகத்துப் படங்களிலேயே நாடகச் சாயல் உண்டு, நாடகங்களும் ரவிவர்மாவைப் பார்த்து வேஷம் கட்டின, ஆகவே எது முந்தி என்று கேட்பது வீண் என்பார்கள். இருக்கட்டும். கோவில்பட்டியில் நடந்தது அதைவிட நேரடியான காரியம். கொட்டகைக்குப் படுதா எழுதிய அதே கை, கொட்டகை மூடியதும் காலண்டருக்கு எழுதியது.

ஆக, இழந்த இசை மண்டபத்தின் சுவர்ப்படம் நம்மிடம் இருந்தது. ஒரு தலைமுறை முழுக்க வீட்டுக்கு வீடு இருந்தது. அதன் பெயர் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மண்டபத்தின் வெளிமுகத்தைத் தேடியதால் உள்முகத்தைக் கோட்டை விட்டோம்.

வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரையை நம் வட்டத்தில் மேற்கோள் காட்டாதவர் குறைவு: இயந்திரப் பிரதியெடுப்பு கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைக்கிறது என்பது வாதம். நம் காலண்டர் அந்த வாதத்துக்குக் கட்டுப்படவில்லை. லட்சம் பிரதி அடித்த காகிதத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், வருஷம் முடிந்து தேதித் தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டார்கள். காப்பிக் கடையில் நடப்பது வேறு மாதிரி. அங்கே ஒளிவட்டம் பழுப்பு மையில் கலந்தே அச்சாகிறது. சட்டத்துக்குள் இருப்பதை யாரும் கும்பிடவும் இல்லை, நினைக்கவும் இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்து நாம் ஒரு 'பழைய மெட்ராஸ்காரர்' ஆகிறோம், காப்பி ஆறும் வரைக்கும். செம்பாக்கத்துக்கும் அந்த மெட்ராஸுக்கும் என்ன உறவு? பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931இல் இது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். அதே வருஷம்தான் 'காளிதாஸ்' வந்து தமிழ் பேசும் படம் தொடங்கியது. எங்கள் பெரியப்பா போன்றவர்கள் தாம்பரம் வரை நடந்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டு முதல் வண்டி பிடித்துத் திரும்பினார்கள். விக்டோரியா ஹாலை அவர்கள் ரயிலை விட்டு இறங்கிப் பார்த்திருப்பார்கள். போனது கொட்டகைக்கு.

இன்னொரு சட்டத்தையும் சொல்லவேண்டும். மரச்சட்டம் இல்லை, 1876ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை உண்டு. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஏஜென்டு தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம், ஒத்திகை இல்லை, மேடையில்தான் சந்திப்பு. எழுதாத இடங்களைத் தர்க்கத்தாலும் பாட்டாலும் நிரப்பவேண்டும். எழுதாத இடம் என்றால் போலீஸ் முன்கூட்டிப் படித்துத் தணிக்கை செய்ய முடியாத இடம். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும்போது கொக்கை விரட்டுகிறாளா வெள்ளைக்காரனை விரட்டுகிறாளா என்று முன் வரிசையில் உட்கார்ந்த சப்-இன்ஸ்பெக்டர்தான் முடிவு செய்யவேண்டும். மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டுகள் இப்படித்தான் ஊரெல்லாம் பரவின. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் கதை முடியவில்லை. எம்.ஆர். ராதாவின் ராமாயணத்துக்காகவே என்று சொல்லும்படி 1954இல் சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் போட்டது. அதை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 ஆயிற்று.

அந்த மேடைகளில் முருகன் வேஷத்துக்குப் பேர் போனவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். 1886இல் பிறந்தார். பிறந்த ஊர் எது தெரியுமா? சிவகாசி. மருத்துவர் சாதி, ஊர் வழக்கில் அம்பட்டர் என்று இழிவாகச் சொன்ன சாதி. அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. முருகனாக ஒரு நாவிதன் நிற்பதா என்று முகம் சுளித்த ரசிகர்களும் உண்டு. அதே ஆள் பாடினால் கொட்டகை நிரம்பும் என்பதால் காண்டிராக்டர்கள் தேடி வந்தார்கள். பாட்டுக்காகப் பலமுறை ஜெயிலுக்குப் போனார். கடன் ஏறியது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சென்னை மேடையில், 'வள்ளி திருமணம்' நாடகத்தில் மயிலாசனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. வேஷத்தைக் கலைக்காமல், முருகனாகவே வைத்துச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள் என்று சொல்வார்கள்.

இங்கே நான் அவசரப்படக்கூடாது. கொண்டையராஜு விசுவநாததாஸைப் பார்த்து முருகனை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு முகத்தை ஒரு படத்தோடு முடிச்சுப் போடுவது கதை கட்டுவதாகும். நான் சொல்வது நிற்கும் விதத்தை. வேலை ஒரு கையில், மறு கை அபயம், இடுப்பு லேசாக ஒடிந்து, நேர்ப் பார்வை: மேடைக்கு வந்து நின்றதும் சனம் கைதட்ட நேரம் கொடுத்து ராஜபார்ட் நிற்கிற நிலை. தலைமுறை தலைமுறையாகக் கம்பெனிப் பையன்களும் ஸ்பெஷல் நடிகர்களும் உடம்பில் பழக்கிய நிலை. அந்த உடம்புகளில் பல, கோயிலுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று சாதி அளந்து வைத்த உடம்புகள். படுதா ஓவியர்களின் கை வழியாக, லித்தோக் கல் வழியாக, அந்த நிலை பூஜை அறைக்குள் போயிற்று. கும்பிட்டவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கும்பிட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

நாடகத்தின் வேறு அச்சுகளும் போய்விட்டன. ஜட்கா வண்டியில் பாண்டு அடித்துக்கொண்டு தெருவில் வீசிய சாணித்தாள் நோட்டீஸ், குஜிலிக் கடையில் அரையணாவுக்கும் ஓரணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகம், மதிலில் ஒட்டி மழையில் ஊறி மேலே மேலே ஒட்டிய போஸ்டர். சுவருக்கு வரி கொடுக்க மறுத்த சனங்களின் சந்ததி அந்தச் சுவரிலேயே தம் நாடகத்தை ஒட்டியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் மதிலின் பெரும்பகுதி அதற்கு முன்பே இடிந்துவிட்டது, ஆசையை அடக்கிக்கொள்கிறேன். நூலகங்கள் புத்தகத்தைச் சேர்த்தன, நோட்டீஸைச் சேர்க்கவில்லை. பொறுக்கிச் சேர்த்த தனிமனிதர்கள் சிலரால்தான் கொஞ்சமாவது மிஞ்சியது. காலண்டருக்கு அந்தக் கதிகூட இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற பொருளை யாரும் சேகரிப்பதில்லை. பிறகு ஒருநாள் எந்த வீட்டிலும் இருப்பதில்லை.

செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஓட்டு வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். காப்பிக் கடையில் படம் பார்த்த அதே மாதம். வீட்டுச் சாமான்கள் போன பிறகு, செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட படங்கள் ஏழெட்டு சாய்த்து வைத்திருந்தன. சாமி படத்தைக் குப்பையில் போடத் தயக்கம். புதுப் பிளாட்டுக்கு எடுத்துப்போகவும் மனமில்லை. பழைய பேப்பர்காரர் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், காகிதம் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று முருகன். பட்டுத் திரை, தூண்கள், சதுரத் தளம், பின்னால் ஏரி. கீழ் விளிம்பில் ஏதோ ஒரு கடைப் பெயரின் பாதி. ஓவியர் கையெழுத்து இருக்கவேண்டிய மூலையைக் கரையான் தின்றிருந்தது. நான் கேட்டதும் "எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போவும்" என்று மேஸ்திரி கொடுத்துவிட்டார்.

வீட்டில் வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டவில்லை. உடைந்த கண்ணாடியோடு சாமி படம் வீட்டில் இருக்கக்கூடாது, எடுத்துக்கொண்டுபோய் அரசமரத்தடியில் வையுங்கள் என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். சாமி படமில்லை, நாடகக் கொட்டகை என்று சொன்னால், அப்படியானால் இன்னும் எதற்கு என்கிறார்கள்.